பஞ்சுவின் வலி போன இடம்

எங்கள் குடியிருப்பில் நாய்களுக்கு வயதான பிறகுதான் எங்களுக்கும் வயதாகிவிட்டதை நாங்கள் கவனித்தோம். கோயம்புத்தூருக்குக் கிழக்கே, மூடிப்போன மில்கள் வரிசையாக நிற்கும் சாலையில், தண்ணீர்த் தொட்டியை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் ஒரே மாதிரியாகக் கட்டிய வீடுகள் எங்களுடையவை; பிள்ளைகள் படித்து, வேலை கிடைத்து, அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும், அதற்கு வழியில்லாதவர்கள் பெங்களூருக்கும் போனபோது, அழுது அடம்பிடித்து வாங்கி வளர்த்த நாய்களை "கொஞ்ச நாள் பாத்துக்குங்கப்பா, வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள், அந்தக் கொஞ்ச நாள் நாய்களின் ஆயுள் அளவுக்கு நீண்டுபோனது. நான் இந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். வேறு யாரும் கேட்காததால் எனக்குக் கிடைத்த பதவி இது. மோட்டார் ஓடவில்லை, குப்பை வண்டி வரவில்லை, மேல்வீட்டுத் தொட்டியில் தண்ணீர் வழிகிறது என்று காலையிலிருந்து இரவு வரை புகார் கேட்டுக் கேட்டு எதற்கும் ஆச்சரியப்படும் சக்தியை நான் எப்போதோ இழந்துவிட்டேன், ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

நாய்களுக்கு முதலில் பின்னங்கால்கள் சோர்ந்தன, பிறகு முதுகு வில்லாக வளைந்தது, பிறகு படி ஏற முடியாமல் படிக்குக் கீழே நின்று எங்களைப் பார்த்தன, நாங்களும் படிக்கு மேலே நின்று அவற்றைப் பார்த்தோம், தூக்க எங்களுக்கும் இடுப்பில் தெம்பு இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஹெப்சிபா டாக்டரம்மா வந்து சேர்ந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கால்நடை மருத்துவம் படித்து, பிறகு வெளிநாடு போய், வயதான பிராணிகளின் முதுகெலும்பைக் கையாலேயே சரிசெய்யும் வித்தையைப் படித்துவிட்டு வந்தவர். எங்கள் கடைவரிசையில் மூடிக் கிடந்த மாவு மில்லை வாடகைக்கு எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த பழைய மாவைச் சுரண்டி, வெள்ளையடித்து, 'செல்லப் பிராணிகள் முதுகெலும்புச் சீரமைப்பு நிலையம்' என்று பலகை மாட்டினார். அவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல எங்களுக்கு மூச்சு போதவில்லை, நாங்கள் அதை நாய் சுளுக்குக் கடை என்றோம். டாக்டரம்மா அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்துக்கொள்ளும் ஆளாகவும் தெரியவில்லை, எத்தனையோ முதுகுகளைத் தடவிச் சலித்த முகம் அவருக்கு.

முதலில் போனது கிருஷ்ணவேணி டீச்சர் வீட்டு பிரவுனி. அதைத் தரையில் விரித்த ஜமக்காளத்தில் நிறுத்தி, டீச்சரைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒவ்வொரு எலும்பாக விரலால் தடவிக்கொண்டே வந்து, இடுப்புக்கு மேல் ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணை மூடி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் டாக்டரம்மா ஒரு தட்டுத் தட்டினார்; சோம்பல் முறிக்கும்போது நம் விரலில் சொடக்கு விழுமே, அந்தச் சத்தம்தான் கேட்டது. பிரவுனி உடம்பை உதறிக்கொண்டு, வாசலைத் தாண்டி, சாலையில் போன கூரியர்காரரை இளமைக் காலத்துக் கோபத்தோடு குரைத்துத் துரத்தியது. அதே நொடியில் டல்லஸில், பல் தேய்த்துவிட்டுப் படுக்கப் போன டீச்சரின் மகன், இடுப்பில் மின்சாரம் பாய்ந்து, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் நின்றான். அவன் போனில் புலம்பப் புலம்ப டீச்சருக்கு அழுகை வந்தது, துக்கத்தில் இல்லை. "ஏழு கடல் தாண்டிப் போயும் அது உன்னையத்தான்டா நெனச்சிட்டிருக்குது," என்றார்.

இப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. எலும்பு நேரானதும் நாயைவிட்டுக் கிளம்பும் வலி, அந்த நாய் யாரைத் தன் ஆள் என்று மனதில் வைத்திருக்கிறதோ அவரிடம், அவர் எங்கே இருந்தாலும், போய்ச் சேர்ந்துவிடுகிறது. சேர்ந்தால் அந்த நாய் உயிரோடு இருக்கும் வரை அவரை விட்டு நீங்குவதில்லை. நான் செயலாளர் என்ற முறையில் டாக்டரம்மாவிடம் விளக்கம் கேட்டேன். "எலும்பை நேராக்குறது என் வேலை சார்," என்றார் கையைத் துடைத்துக்கொண்டே, "வலி எங்க போகணும்னு முடிவு பண்றது நாயோட வேலை." அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள எங்களுக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அதற்குள் குடியிருப்பே வேறொரு கவலையில் விழுந்துவிட்டது.

நாய் யாருடையது என்பதுதான் அந்தக் கவலை. அதுவரைக்கும் நாயைக் குணப்படுத்தக் கொண்டுபோனவர்கள், அதன் பிறகு தங்களை நிரூபிக்கக் கொண்டுபோனார்கள். பாகம் பிரித்துக்கொண்டு சுவர் எழுப்பிய அண்ணன் தம்பி இருவர், சுவருக்கு இரண்டு பக்கமும் சோறு தின்ற டைகர் என்னுடையதுதான் என்று சவால் விட்டுக்கொண்டு அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சொடக்கு விழுந்தபோது இருவரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி நேராக நின்றார்கள், மூலைக்கடை இஸ்திரிக்காரர் மாரிச்சாமி பெட்டியைச் சட்டைமேல் வைத்தபடியே குனிந்துபோனார், அந்தச் சட்டை என்னுடையது. "நானென்னங்க பண்ணுனேன்? டீயில தொட்டு தெனமும் ஒரு வர்க்கி போடுவனுங்க, அவ்வளவுதானுங்க," என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். வேறொரு வீட்டில், நாயோடு சேர்த்துத் தன்னை விதவிதமாகப் படமெடுத்துப் போட்ட மருமகளை விட்டுவிட்டு, அதன்மேல் தினமும் செருப்பை வீசிய மாமனாரிடம் வலி போய்ச் சேர்ந்தது. மருமகள் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்துவிட்டுப் பிறகு தனக்கும் வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள், மாமனார் நிஜமாகவும் மருமகள் பொய்யாகவும் ஒரே வீட்டுக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பூனைகளின் வலி மட்டும் மனிதர்கள் யாரிடமும் வரவில்லை. ஒரு கிழட்டுப் பூனைக்குச் சொடக்கு எடுத்த அன்று, அது வெயில் காயும் வடக்குக் காம்பவுண்டுச் சுவர் நடுவில் சற்றே வளைந்துகொண்டது, கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பூச முடியாது என்று சொல்லிவிட்டார்.

கொஞ்ச காலத்திலேயே கூனி நடப்பது எங்கள் குடியிருப்பில் மரியாதைக்குரியதாகிவிட்டது. கூனியவர்களுக்குப் பால் பூத்தில் வழி விட்டார்கள், பிள்ளையார் கோயில் குருக்கள் அவர்கள் விழுந்து கும்பிட வேண்டியதில்லை என்று சொன்னார், காய்கறி வண்டிக்காரர் அவர்களுக்காகத் தக்காளியை மேல்தட்டில் அடுக்கினார். வெளிநாட்டிலிருந்து இடுப்பு வலி என்று போன் வந்த வீட்டில் இனிப்பு செய்தார்கள், வராத வீட்டில் பிள்ளைகள் போன் செய்து, "அப்ப யாருக்குத்தான்மா போச்சு?" என்று கேட்டார்கள். உங்களுக்கு வலிக்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்கக் கூடாது என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டேன், அதை எல்லாரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டு, கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அதையேதான் கேட்டுக்கொண்டார்கள்.

எங்கள் உற்சாகம் பார்வதியக்காவின் ராணியோடு அடங்கியது. பார்வதியக்காவின் வீட்டுக்காரர் முந்தின ஆண்டு காலமாகிவிட்டார், ராணி அவருடைய நாய். சொடக்கு விழுந்ததும் அதன் முதுகு நேரானது, அது ஓர் அடி எடுத்து வைத்தது, நாங்கள் எல்லாரும் மூச்சுவிட்டோம், அதற்குள் முதுகு பழையபடி வளைந்து, ராணி முனகிக்கொண்டு ஜமக்காளத்தில் சரிந்தது. போன வலி ஆளைத் தேடிவிட்டு, ஆள் இல்லாமல், கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. "அவரத் தேடீட்டு வந்துருச்சுங்க," என்று பார்வதியக்கா சொல்லிவிட்டு, நாயைப் பழைய புடவையில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார். டாக்டரம்மா அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டார்.

அதற்குப் பிறகுதான் தொட்டிக்குப் பின்புறத்து வீட்டில் பஞ்சு படுத்துவிட்டது.

அது பொன்னுரங்கம் வீடு. மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாயைத் திறந்தால் அதட்டல்தான், மெஷின் சத்தத்துக்கும் மேலே பேசிப் பேசி அப்படியாகிவிட்டது என்று அவர் மனைவி சாந்தாமணி சமாதானம் சொல்வார். ஒரே மகன் நவநீதன். மில் பஞ்சுக் கிடங்கில் கிடந்த வெள்ளைக் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து பஞ்சு என்று பெயர் வைத்தவன் அவன்தான். அவனுக்குப் பக்கத்து மில்லில், பல பேர் வாசலில் நின்று கெஞ்சி, பொன்னுரங்கம் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். அவன் அந்த வேலையை விட்டுவிட்டு, அதை அப்பாவிடம் சொல்லப் பயந்து, தினமும் டிபன் பாக்ஸோடு முன்வாசல் வழியாகக் கிளம்பி, பின்பக்கத்துச் சுவரின் இடைவெளியில் நுழைந்து, மோட்டார் அறைக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டு பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். பஞ்சு மோப்பம் பிடித்துப் போய் அவனோடு படுத்திருக்கும். ஒரு நாள் காய்ச்சலில் பாதி நாளில் வீடு திரும்பிய பொன்னுரங்கம், நாயைக் காணாமல் தேடிக்கொண்டு போனவர், மகனைக் கண்டுபிடித்தார். திறந்திருந்த டிபன் பாக்ஸோடு அவனை இழுத்து வந்து தொட்டிக்கு எதிரே, நாங்கள் எல்லாரும் பார்க்க அடித்தார். அன்று சாயங்காலம் போனவன்தான், கடிதம் இல்லை, போன் இல்லை, எந்த ஊர் என்று தெரியாது, இருக்கிறானா என்பதும் தெரியாது.

அன்றிலிருந்து பொன்னுரங்கத்துக்குப் பஞ்சு சனியன்தான், வேறு பெயரில் அதைக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. குளிப்பாட்டுவது, சோறு வைப்பது, உண்ணி பொறுக்குவது எல்லாம் சாந்தாமணி. அவர் சாயங்காலம் கோயிலுக்குப் போகும் நேரத்தில் மட்டும், மோட்டார் அறைக்குப் பின்னால் அந்த பெஞ்சில் பொன்னுரங்கம் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், மறு ஓரத்துக்குக் கீழே பஞ்சு படுத்திருக்கும், பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார நேர்ந்தவர்கள் மாதிரி இரண்டும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். வால்வு திறக்கப் போகும்போது பார்ப்பேன். இரண்டு பேருக்கும் காற்று வாங்க வேறு இடமில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது பஞ்சு பகலெல்லாம் கத்தியது. பக்கத்து வீடுகளிலிருந்து புகார் வந்தது, புகார் வந்தால் நான்தானே போக வேண்டும். போனபோது பொன்னுரங்கம் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, நாய் கத்தறது நாலு வீடு தள்ளிக் கேக்குதுங்க. டாக்டரம்மாகிட்ட ஒருக்காக் காட்டீரலாமுங்களே," என்றேன்.

"நாய்க்கு எதுக்குங்க டாக்டரு? வயசாச்சு, போனாப் போகுது சனியன்," என்று பேப்பருக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

சாந்தாமணி பஞ்சுவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் அடியில் விரித்த ஈரத் துணியை மாற்றிக்கொண்டிருந்தார். எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ, கண் உள்ளே போயிருந்தது. "அவரு சொல்றதுக்காகக் கூட்டிட்டுப் போகாம இல்லீங்க," என்றார் மெதுவாக. "எனக்குத்தான் பயம். தட்டுன பொறகு இதுக்கு நோவு திரும்பி வந்துருச்சுன்னா? பார்வதியக்கா ராணிக்கு வந்தாட்டம்? இப்ப எம்பையன் எங்கியோ இருக்கறான். எங்கியோன்னாலும் இருக்கறானுங்க. அப்பறம் அதுவும் இல்லீன்னு ஆயிருமில்லீங்க."

"உங்களுக்கே வந்தாலும் வரலாமுங்கக்கா. சோறு போட்டவங்க நீங்க."

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு வந்தா அவனப் பத்தி ஒண்ணுமே தெரியாமப் போயிருமுங்க. எனக்கு வரப்படாது, அவனுக்குத்தான் வரோணும்னு வேண்டிக்கறேன். பெத்த புள்ளைக்கு நோவு வரோணும்னு எந்தத் தாயாவது வேண்டுவாளுங்களா? நான் வேண்டறேன்." புகாரைச் சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மழைக்காலம் வந்தது. பஞ்சு பின்னங்கால்களைத் தரையில் இழுத்துக்கொண்டு, முழங்கால் தோல் தேய, சுவரோரமாகவே நகர்ந்து தினமும் மோட்டார் அறைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது, சாந்தாமணி தினமும் அதைத் தூக்கி வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் கோயிலிலிருந்து வந்தவர், பெஞ்சுக்குக் கீழே தூறலில் எழ முடியாமல் அது படுத்திருப்பதைக் கண்டார். யாரோ அதன்மேல் சாக்கு ஒன்றைப் போர்த்தி, சாக்கு பறக்காமல் ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள், மோட்டார் போடுகிறவராக இருக்கும் என்று நினைத்தோம். சாந்தாமணி அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து பஞ்சுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "எம் பயத்துக்கு இது நோகோணுமா?" என்று யாரையோ கேட்பதுபோலக் கேட்டார். மறுநாள் காலை கடை திறந்ததும் போவதென்று முடிவாயிற்று.

போர்வையில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம். மழை விட்டிருந்தது, குடியிருப்பே வேலையை நிறுத்திவிட்டு அவரவர் வாசலில் வந்து நின்றது, எதற்கும் இருக்கட்டும் என்று மாரிச்சாமி இஸ்திரிப் பெட்டியைச் சட்டையிலிருந்து எடுத்துக் கல்மேல் வைத்தார், ராணியை இடுப்பில் அணைத்தபடி பார்வதியக்காவும் வந்திருந்தார். நாய் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பொன்னுரங்கம் எங்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நடந்து வந்து, மாவு மில் வாசற்படியில், கையைக் கட்டிக்கொண்டு, தோள் முன்பக்கம் சரிந்த தன் வழக்கமான நிலையில் நின்றார். மகன் போன பிறகு விழுந்த சரிவு அது, எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

டாக்டரம்மா சாந்தாமணியிடம் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சாந்தாமணி ஒரு கையால் பஞ்சுவின் தாடையைத் தாங்கி, மறு கையைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார், வலி வந்தால் கையோடு பிடித்து வெளியே தள்ளிவிடுவதுபோல. டாக்டரம்மாவின் விரல்கள் அந்த வெள்ளை முதுகில் எலும்பு எலும்பாக இறங்கி வந்தன, நின்றன, திரும்பக் கொஞ்சம் மேலே போயின, அங்கேயே வெகுநேரம் இருந்தன. அவருக்கும் பயமாக இருந்திருக்க வேண்டும். பிறகு கண்ணை மூடித் தட்டினார்.

சொடக்கு விழுந்தது. பஞ்சுவின் முதுகு நேரானது. அது ஓர் அடி எடுத்து வைத்தது, இன்னோர் அடி வைத்தது, நாங்கள் ராணியை நினைத்துக்கொண்டு மூச்சை விடாமல் நின்றோம், பஞ்சு மூன்றாவது அடியும் வைத்து, உடம்பை உதறி, ஜமக்காளத்தைச் சுற்றி வந்து, வாலை ஆட்டியது. வலி திரும்பி வரவில்லை. சாந்தாமணி இடுப்பில் வைத்த கையை எடுத்தார், குனிந்தார், நிமிர்ந்தார், இன்னொரு தடவை குனிந்து தரையைத் தொட்டு நிமிர்ந்தார். ஒன்றுமில்லை. வெளியே மாரிச்சாமி தன் பழைய வலியோடு மட்டும் நின்றார், வாசல்களில் நின்ற யாரும் முனகவில்லை.

"எம்பையன் இருக்கறான்!" என்றார் சாந்தாமணி. முதலில் யாருக்கும் கேட்காதபடி சொன்னார், பிறகு கத்தினார். "ஏனுங்க, கேட்டீங்களா? நம்ம நவநீதன் இருக்கறானுங்க! எங்கியோ இடுப்பப் புடிச்சுட்டு நிக்கறானுங்க!"

"இருக்கறான்," என்றார் பொன்னுரங்கம்.

வாசற்படியில் அவர் நேராக நின்றார். தோளில் அந்தச் சரிவு இல்லை, மில்லில் வேலை பார்த்த காலத்தில் ஷிப்டு மாறும்போது நிற்பாரே அப்படி, மோவாயைத் தூக்கி, இரண்டு கையாலும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வழியாக இறங்கிச் சட்டையில் சொட்டியது. பிள்ளை இருக்கிறான் என்ற சந்தோஷத்தில் மனிதர் நிமிர்ந்துவிட்டார் என்று எங்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். டாக்டரம்மா ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டு, "உக்காருங்க சார்," என்றார். "வேண்டாமுங்க, நிக்கறேன்," என்றார் அவர். பஞ்சு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் உட்கார்ந்தது. "போ சனியனே," என்றார், நிலைக்கதவிலிருந்து கையை எடுக்காமல்.

சாந்தாமணி அன்றைக்கே கச்சாயம் சுட்டு வீடு வீடாகக் கொடுத்தார். பார்வதியக்காவுக்கு மட்டும் இரண்டு பங்கு கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். நாங்கள் தின்றோம், நவநீதன் எந்த ஊரில் இருப்பான், யாரைக் கட்டியிருப்பான், இடுப்பு வலிக்கு என்ன தைலம் தேய்ப்பான் என்று அந்த மாதம் முழுக்க இதே பேச்சாக இருந்தது, ஒருவர் திருப்பூர் என்றார், ஒருவர் துபாய் என்றார். இவ்வளவு வருடமாகப் பேசக் கூசிய பெயரைச் சத்தமாகச் சொல்ல முடிந்ததே எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

எனக்கு மட்டும் அந்த வியர்வை மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. வடக்குச் சுவர் இன்னும் வளையுமா என்று கேட்கிற சாக்கில் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் வெந்நீரில் மணிக்கட்டுகளை முக்கி உட்கார்ந்திருந்தார்.

"பொன்னுரங்கண்ணன் அன்னைக்கு நேராத்தானுங்களே நின்னாரு," என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார். "வலியில்லாதவங்க யாரும் அவ்வளவு நேரா நிக்க மாட்டாங்க சார்."

பெஞ்சும் சாக்கும் ஓரத்தில் வைத்த கல்லும் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. ஒரு அடியில் மகனைத் தொலைத்தவர் ஒரு பொய்யில் அவனைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று பார்க்கிறாரே என்று நினைத்தேன், உடனே, குனியவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அந்த மனிதர் எத்தனை காலம் இப்படி நிமிர்ந்தே நடப்பார் என்று நினைத்தேன், எனக்கே முதுகு சோர்ந்துபோனது. சாந்தாமணியிடம் யார் சொல்வது? சொல்வதற்கு நான் யார்? எந்தப் புகாரையும் யாரிடமாவது கொண்டுபோய்ச் சேர்த்தே பழகிய நான், இதை மட்டும் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன்பு, சங்கக் கூட்டத்துக்குச் சொல்ல அந்த வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. பொன்னுரங்கம் உயரமான மர நாற்காலியில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார், அந்த நாற்காலியை அந்த வீட்டில் அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. அவர் செருப்புகள் தரையில் இல்லை, வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் ஜோடியாக வைத்திருந்தது. கீழ்த்தட்டில் இருந்த அவருடைய சவரப் பெட்டி, மருந்து டப்பா, பழைய பேப்பர் கட்டு எல்லாம் நின்றபடி கை நீட்டினால் எட்டும் உயரத்துக்கு ஏறியிருந்தன. வாசலில் விழுந்த பேப்பரைப் பஞ்சு வாயில் கவ்விக்கொண்டு வந்து, அவர் முழங்காலில் முன்னங்கால்களை ஊன்றி எழுந்து, அவர் கை இருக்கும் இடத்தில் கொடுத்தது. அவர் வாங்கிக்கொண்டார், எச்சிலை வேட்டியில் துடைத்தார், அதைத் திட்டவில்லை.

சமையலறையிலிருந்து சாந்தாமணியின் குரல் கேட்டது. "ஏனுங்க, நவநீதனுக்கு இன்னைக்கு நோவு எப்பிடி இருக்குமுங்க?"

பொன்னுரங்கம் என்னைப் பார்த்தார், பிறகு பேப்பரைப் பார்த்தார்.

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவலையாட்டத்தான் இருக்கும்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எடது கால்ல மட்டும் இழுக்குமாட்ட இருக்கு," என்றார்.

"முட்டிக்குக் கீழங்களா, மேலங்களா?"

"கீழ."

உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் சாந்தாமணி சின்னக் கிண்ணத்தில் சூடாக்கிய விளக்கெண்ணெயோடு வந்து, என்னை 'வாங்க' என்று கேட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, கணவனின் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.